பழைய கெர்னலைக் காத்துவைத்தல்: தென்னகத்தில் ஒரு தொழிலறிவின் வரலாறு

கணினியின் வன்பொருளுக்கும் அதன்மேல் ஓடும் நிரல்களுக்கும் நடுவில் நின்று, நினைவகத்தைப் பங்கிட்டும், வட்டையும் விசைப்பலகையையும் பிணையத்தையும் இயக்கியும், எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று முறை வகுத்தும் வரும் மையப் பகுதி கெர்னல் எனப்படுகிறது. விற்பனையாளர் தந்த கெர்னலை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், தன் கணினிக்கு வேண்டியவற்றைச் சேர்த்தும் வேண்டாதவற்றை விலக்கியும் அதை மறுபடி கட்டி நிறுவிக்கொள்ளும் வழக்கம் ஏறக்குறைய யூனிக்ஸ் இயங்குதளத்தின் வயதை உடையது; அப்படிக் கட்டிய கெர்னல் எழுந்து நிற்காமல் போவதும் அதே வயதினதே. வேறெந்த நிரல் பழுதானாலும் அதை ஆராய்வதற்கு இயங்குதளம் துணை நிற்கும். கெர்னலே எழாதபோதோ ஆராயும் கருவிகளும் அதனுடன் சேர்ந்து படுத்துவிடுகின்றன. இக்காரணத்தால் இத்துறையில் பழுதறியும் திறன் இரண்டு காரியங்களைப் பற்றிக்கொண்டே வளர்ந்தது. நேற்றுவரை ஓடிய கெர்னலை அழிக்காமல் பக்கத்தில் வைத்திருப்பது ஒன்று. விழுகின்ற கெர்னலிடமிருந்து அதன் கடைசிச் செய்தியை வாங்கிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது காரியமும் முடிவில் முதலாவதன் வழியையே பின்பற்றியது என்பதற்கு 2005இல் பெங்களூரிலிருந்து வெளிவந்த ஒரு வேலை சான்றாக நிற்கிறது.

விஜயபுரம், நகரி, புத்தூர் என்று தமிழும் தெலுங்கும் கலந்து பேசப்படும் ஊர்களைக் கொண்ட சித்தூர், திருப்பதிப் பகுதி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது வரையப்பட்ட எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் நிலைத்தது. கணினித் தொழிலைப் பொறுத்தவரை அந்த எல்லைக் கோட்டுக்குப் பெரிய பொருள் இருந்ததில்லை. கிழக்கே சென்னையின் ரிச்சி தெருவும் மேற்கே பெங்களூரின் எஸ்.பி. ரோடும் உதிரிபாகச் சந்தைகளாக விளங்க, இப்பகுதி அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட வழியில் அமைந்திருந்தது. கெர்னல் கட்டும் அறிவின் வரலாறும் அந்த இரண்டு நகரங்களைச் சுற்றியே நடந்து, பிற்காலத்தில்தான் இப்பகுதியின் மண்ணுக்கே வந்து சேர்ந்தது.

தென்னிந்தியாவில் கெர்னலை மறுபடி கட்டும் வேலையைப் பிழைப்பாகச் செய்த முதல் பெருங்கூட்டம் பல்கலைக்கழகங்களில் இருந்ததைவிட வங்கிக் கிளைகளுக்குச் சென்றுவந்த சர்வீஸ் இன்ஜினியர்களிடையேதான் இருந்தது எனலாம். சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் அளித்த அறிக்கையும், அவரே தலைமையேற்ற இரண்டாம் குழு 1989இல் அளித்த அறிக்கையும் வங்கிகளைக் கணினியின் பக்கம் தள்ளின. அதன்பின் கிளைகளில் எஸ்.சி.ஓ. நிறுவனத்தின் ஜெனிக்ஸும் யூனிக்ஸும் ஓடும் 386, 486 வகைக் கணினிகள் வந்து அமர்ந்தன. ஒரே கணினியின் பின்புறத்தில் பல சீரியல் இணைப்புகளைத் தரும் மல்டிபோர்ட் அட்டை ஒன்று செருகப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு கவுண்ட்டருக்கும் ஒரு கம்பி சென்று, தனக்கென்று கணிக்கும் திறன் இல்லாத டம்ப் டெர்மினல் என்னும் திரையிலும், பாஸ்புக் அச்சிடும் பிரிண்டரிலும் முடியும். அந்த அட்டையைப் பொருத்தினாலும், அதன் எண்களை மாற்றினாலும், ஒரே நேரத்தில் திறந்துவைக்கக்கூடிய கோப்புகளின் வரம்பை உயர்த்தினாலும், கெர்னலை மறுபடி கட்டியாக வேண்டும்.

எஸ்.சி.ஓ. தன் கெர்னலின் மூலநிரலைத் தரவில்லை. முன்பே தொகுக்கப்பட்ட துண்டுகளை மட்டும் கொடுத்து, அவற்றை ஒன்றாக இணைக்கும் 'லிங்க்_யூனிக்ஸ்' என்ற கட்டளையையும் உடன் வைத்திருந்தது. கட்டளையை இட்டதும், யூனிக்ஸ் இப்போது மறுபடி கட்டப்படும், சில நிமிடங்கள் காத்திருக்கவும் என்று திரை அறிவிக்கும். முடிந்தவுடன், இனி இந்தக் கெர்னலையே வழக்கமாகத் துவக்கலாமா என்று கேட்கும். ஆம் என்று விடையளித்தால், இருக்கும் 'யூனிக்ஸ்' கோப்பை 'யூனிக்ஸ்.ஓல்ட்' என்று பெயர் மாற்றிவைத்துவிட்டுப் புதியதை அதன் இடத்தில் வைக்கும். அடுத்த முறை கணினியைத் துவக்கும்போது 'பூட்' என்ற சொல்லும் அதன் கீழ் ஒரு முக்காற்புள்ளியும் தோன்றி நிற்கும்; வெறுமனே என்ட்டர் விசையைத் தட்டினால் புதிய கெர்னல் ஏறும், 'யூனிக்ஸ்.ஓல்ட்' என்று தட்டச்சு செய்தால் பழையது ஏறும். புதிய கெர்னல் நடுவழியில் நின்றாலும், அது முழுதாக எழுந்தும் மல்டிபோர்ட் அட்டையின் குறுக்கீட்டு எண் வேறோர் அட்டையுடன் மோதியதால் கவுண்ட்டர் திரைகள் எல்லாம் இருண்டு கிடந்தாலும், மறுநாள் காலை கிளை திறப்பதற்கு அந்தப் பழைய கோப்பே உத்தரவாதம்.

அந்த ஏற்பாட்டில் ஒரு பொறியும் இருந்தது. பழைய கெர்னலுக்கு ஒரேயொரு இடந்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. முதல் முயற்சி தவறிப்போக, பதற்றத்தில் ஓர் அமைப்பை மாற்றி இரண்டாம் முறை கட்டினால், தவறிப்போன முதற் கெர்னல் 'யூனிக்ஸ்.ஓல்ட்' ஆகிவிடும், நல்ல கெர்னல் வட்டிலிருந்தே மறைந்துவிடும். பெர்க்லி மரபில் வந்த ஃப்ரீபிஎஸ்டியிலும் 'கெர்னல்.ஓல்ட்' என்ற பெயரில் இதே ஏற்பாடும் இதே பொறியும் உண்டு. அதன் கையேடு, நன்றாக ஓடும் ஒரு கெர்னலை வேறொரு பெயரில் தனியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுமாறு எச்சரிக்கிறது. தானியங்கி ஏற்பாட்டை நம்பாமல் தன் கையால் ஒரு நகலை எடுத்துவைத்த பின்னரே வேலையைத் தொடங்கும் பழக்கம் இந்தப் பொறியில் ஒருமுறை சிக்கியவர்களுக்கே நிலைபெற்றிருக்க வேண்டும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டு 1994 மார்ச்சில் 1.0 பதிப்பை எட்டிய லினக்ஸ், கெர்னலின் மூலநிரலையே எவர் கையிலும் கொடுத்தது. இந்தியாவில் இணையத் தொடர்பு அரிதாகவும் செலவு மிகுந்ததாகவும் இருந்த அக்காலத்தில், 'பிசி குவெஸ்ட்' இதழ் 1996 முதல் லினக்ஸ் குறுந்தகடுகளை இதழோடு சேர்த்து விநியோகித்தது. பெங்களூரைச் சேர்ந்த அதுல் சிட்னிஸ் அம்முயற்சியில் முன்னின்றவர். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. பெங்களூரில் 2001இல் 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடு தொடங்கியது. தகடு ஒன்று கைக்கு வந்தால் அதிலேயே கெர்னலின் மூலநிரலும் இருந்ததால், தொலைபேசிக் கட்டணத்துக்கு அஞ்சிய சிறு நகரத்து மாணவருக்கும் கெர்னலைக் கட்டிப் பார்ப்பது இயலும் காரியமாயிற்று.

கட்டவேண்டிய தேவையும் இருந்தது. இங்குப் பெரும்பாலும் புழங்கியவை கடைக்காரர் உதிரிபாகங்களைச் சேர்த்துக் கொடுத்த அசெம்பிள்டு கணினிகள். தகட்டோடு வந்த பொதுக் கெர்னலுக்கு அவற்றின் ஒலி அட்டையோ பிணைய அட்டையோ பிடிபடாமல் போகும், அல்லது நினைவகம் குறைந்த கணினியில், வன்பொருள்களை ஆளும் நிரல்களாகிய இயக்கிகளில் தேவையற்றவை இடத்தை அடைத்துக்கொள்ளும். 'மேக் மெனுகான்ஃபிக்' என்ற கட்டளை நீல நிறத் திரையில் நூற்றுக்கணக்கான வினாக்களை அடுக்கும். பலவற்றுக்கு மூன்று விடைகளில் ஒன்றைத் தேர வேண்டும்: கெர்னலுக்குள்ளேயே சேர்க்க வேண்டும், அல்லது வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக்கோப்பாகிய மாட்யூலாகக் கட்ட வேண்டும், அல்லது அடியோடு விட்டுவிட வேண்டும். பின்னாளில் எழும் பழுதுகளில் பெரும்பகுதி இந்தத் திரையில் அவசரமாகத் தட்டிய ஓர் எழுத்திலிருந்தே கிளைத்தது.

தொகுக்கும் கட்டத்திலேயே நின்றுபோகும் கெர்னல்கள் ஒப்பீட்டளவில் தொல்லை குறைந்தவை, ஏனெனில் அப்போது பழைய கெர்னல் இன்னும் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றுள் ஒருவகை மட்டும் பலரைக் குழப்பியது. மணிக்கணக்கில் தொகுத்துக்கொண்டிருந்த ஜி.சி.சி. கம்பைலர், 'சிக்னல் 11' என்று சொல்லிவிட்டு இடையில் செத்துப்போகும். மூலநிரலில் பிழை என்று நினைத்துத் தேடுபவர் எதையும் காணமாட்டார். நெதர்லாந்தைச் சேர்ந்த ரோஜியர் வொல்ஃப் இதற்கென்றே தொகுத்த விளக்கக் குறிப்பு அக்காலத்தில் பரவலாக வாசிக்கப்பட்டது. கம்பைலர் நினைவகத்தில் எண்ணற்ற முகவரிகளைச் சேமித்து அவற்றைத் தொடர்ந்து செல்கிறது என்பதும், ஒரேயொரு பிட் தவறினாலும் அது இல்லாத முகவரிக்குச் சென்று விழுகிறது என்பதும், ஆகையால் பழுது மெமரி சிப்பிலோ அளவுக்கு மீறிய சூட்டிலோ இருக்கக்கூடும் என்பதும் அக்குறிப்பின் சாரம். சோதிக்கும் முறை எளியது: மறுபடி கட்டும்போது அதே வரியில் நின்றால் பழுது நிரலில், வேறொரு வரியில் நின்றால் வன்பொருளில்.

கட்டி முடித்த கெர்னலைத் துவக்கும் வேலை 1990களில் பெரும்பாலும் லைலோ என்ற துவக்கியிடம் இருந்தது. வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய அந்நிரலுக்கு வட்டிலுள்ள கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியாது. கெர்னல் கோப்பு வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற வரைபடத்தை நிறுவும்போதே எழுதிவைத்துக்கொண்டு, துவங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கட்டங்களை ஏற்றும். ஆகவே புதிய கெர்னலைப் பழைய பெயரிலேயே நகலெடுத்துவிட்டு, லைலோ கட்டளையை மறுபடி ஓட்டாமல் கணினியை அணைத்தவர், வரைபடம் சுட்டும் பழைய கட்டங்களில் என்ன எஞ்சியிருக்கிறதோ அதன் தயவில் விடப்பட்டார். மாற்றுத் துணி எடுத்துவைக்காமல் குளத்தில் இறங்கிய நிலைதான் அது. சில வேளை பழைய கெர்னலே ஏறிவந்து, தான் செய்த மாற்றம் ஏன் தெரியவில்லை என்று அவரைத் திகைக்க வைக்கும். சில வேளை எதுவுமே ஏறாது.

ஆனால் லைலோவிடம் போற்றத்தக்க ஒரு குணம் இருந்தது. தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை அது ஒரே மூச்சில் அச்சிடுவதில்லை. துவக்கத்தின் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் ஓர் எழுத்தை இடும். முதல் எழுத்தான 'எல்' மட்டும் வந்து அதன் பின்னே எண்கள் ஓடினால், முதற்படி ஏறிவிட்டது, இரண்டாம் படியை வட்டிலிருந்து படிக்க முடியவில்லை என்று பொருள். அந்த எண்கள் வட்டு தந்த பிழைக் குறிகள். 'எல்', 'ஐ' என்ற இரண்டோடு நின்றால், இரண்டாம் படியைப் படித்தாயிற்று, அதை ஓட்ட இயலவில்லை; வட்டின் வடிவ அளவுகளை, கணினியில் உள்ளமைந்த துவக்க நிரலாகிய பயோஸும் லினக்ஸும் வேறு வேறாகக் கணக்கிட்டிருப்பதோ, துவக்கக் கோப்பு இடம் மாறியிருப்பதோ காரணம். மூன்றெழுத்தோடு நின்றால் வரைபடக் கோப்பைப் படிக்க முடியவில்லை. நான்கும் வந்துவிட்டால் லைலோவின் பொறுப்பு முடிந்தது, இனிக் குற்றம் கெர்னலுடையது. திரையில் நான்கே எழுத்துகளுக்குரிய இடத்தில் இவ்வளவு துல்லியமாகப் பழுதின் இடத்தைச் சொன்ன வேறொரு நிரலைக் காட்டுவது கடினம். பின்னர் வந்த துவக்கிகளின் நீண்ட ஆங்கில வாக்கியங்கள் பலமுறை இதைவிடக் குறைவாகவே தெரிவித்தன.

அக்காலப் பயோஸ் வட்டின் முதல் 1024 உருளைகளுக்கு அப்பால் எட்டாது என்ற வரம்பும் இதனுடன் சேர்ந்துகொண்டது. வட்டில் இடம் மிகுந்திருக்கையில் புதிய கெர்னல் கோப்பு அந்த எல்லைக்கு அப்பால் எங்காவது எழுதப்பட்டுவிட, நேற்று ஏறிய கணினி இன்று ஏறாது. துவக்கக் கோப்புகளுக்கென்று வட்டின் தொடக்கத்திலேயே ஒரு சிறு பகிர்வை ஒதுக்கும் வழக்கம் இதனால் வந்ததே. கோப்பு முறைமையைப் படிக்கத் தெரிந்த கிரப் என்னும் துவக்கி பரவிய பிறகு வரைபடத் தொல்லை ஒழிந்தது. லைலோவின் இன்னொரு வசதியோ தொலைவிலுள்ள சர்வர்களைப் பேணியவர்களுக்கு அரிய துணையாக இருந்தது. அடுத்த ஒரு முறைக்கு மட்டும் புதிய கெர்னலைத் துவக்கு என்று அதற்குச் சொல்லலாம். நிலைகுலைந்தால் 30 நொடிகளில் தானே மறுபடி துவங்கு என்று கெர்னலுக்கும் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால், கண்ணுக்கு எட்டாத ஓர் அறையில் புதிய கெர்னல் விழுந்தாலும் அரை நிமிடத்தில் கணினி மறுபடி துவங்கி, பழையது எழுந்து பொறுப்பேற்றுக்கொள்ளும்.

கெர்னல் ஏறியபின் வரும் வீழ்ச்சிகளில் மிகப் பெயர்பெற்றது, வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி '03:05' போன்ற இரு எண்களோடு முடியும் செய்தி. கெர்னல் தன் இறுதி நொடியில் தந்த அந்த எண்களை வாசிக்கத் தெரிந்தவருக்கு அதுவே போதுமான சாட்சியம். முதலாவது எண் சாதனத்தின் வகை. 3 என்பது முதல் ஐ.டி.இ. தடத்திலுள்ள வட்டு. இரண்டாவது அவ்வட்டின் பகிர்வு. 5 என்பது ஐந்தாம் பகிர்வு. எண்கள் சரியாக இருந்தால், கெர்னல் சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறது, திறக்கும் இயக்கி அதனிடம் இல்லை. வட்டுக்கோ கோப்பு முறைமைக்கோ உரிய இயக்கியை மாட்யூலாகக் கட்டியவர் பெரும்பாலும் இங்கே வந்து நின்றார்: அந்த மாட்யூல் இருப்பது வட்டில், வட்டைத் திறக்க வேண்டியது அந்த மாட்யூல். இந்தச் சுழலை உடைப்பதற்காகவே, துவக்கி கெர்னலோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்றித் தரும் 'இனிட்ஆர்டி' என்ற சிறு தற்காலிகக் கோப்பு முறைமை இருந்தது. ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் அதைத் தாமே அமைத்துக்கொண்டன; கையால் கட்டுபவர் அதை மறந்தார். எண்கள் தவறாக இருந்தாலோ, பழுது கெர்னலில் இல்லை, துவக்கியின் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. 2007ஐ ஒட்டி ஐ.டி.இ. வட்டுகளுக்கும் ஸ்கஸி வகைப் பெயர்கள் சூட்டப்பட்டபோது இதே வீழ்ச்சி புதிய உருவில் திரும்பிவந்தது. வட்டைப் பெயரால் அழைக்காமல் அதற்குரிய நிலையான அடையாள எண்ணால் அழைக்கும் முறை அதன்பிறகே வேரூன்றியது.

மாட்யூல்களால் வந்த மற்றொரு பழுது மறைவானது. மாட்யூல்கள் கெர்னலின் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பகத்தில் வைக்கப்படுகின்றன. அதே பதிப்பை ஓர் அமைப்பை மட்டும் மாற்றி மறுபடி கட்டினால், புதிய மாட்யூல்கள் பழையவற்றின் மேலேயே எழுதப்பட்டுவிடும். அதன்பின் பழைய கெர்னலுக்குத் திரும்பினால், அது எழும். ஆனால் அதன் மாட்யூல்கள் அதற்கு அந்நியமாகியிருக்கும், பிணையமும் ஒலியும் கிட்டாது. கெர்னல் கோப்பை மட்டும் காத்துவைத்து அதன் உறுப்புகளைக் காக்காமல் விட்ட குற்றம் இது. பதிப்பு எண்ணின் வாலில் கட்டுபவர் ஒரு தனிப்பெயரைச் சேர்த்துக்கொள்ள 'எக்ஸ்ட்ராவெர்ஷன்' என்ற இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. டெபியன் என்ற மற்றொரு லினக்ஸ் வெளியீட்டில் மனோஜ் ஸ்ரீவஸ்தவா எழுதிய 'கெர்னல்-பேக்கேஜ்' என்ற கருவி ஒரு படி மேலே சென்று, கட்டிய ஒவ்வொரு கெர்னலையும் அதன் மாட்யூல்களோடு தனிப் பொதியாக்கி, பல கெர்னல்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் அருகருகே வாழ வழிசெய்தது.

2003 டிசம்பரில் 2.6 பதிப்பு வெளிவந்தபோது, நன்றாகப் பழகியவர்களும் இடறினார்கள். மாட்யூல்களை ஏற்றும் முறை அடியோடு மாறிவிட்டதால், பழைய கருவித்தொகுதியை வைத்துக்கொண்டு துவக்கியவர்களுக்கு ஒரு மாட்யூல்கூட ஏறவில்லை. 2.4இன் அமைப்புக் கோப்பை அப்படியே 2.6க்குக் கொண்டுசென்றவர்களில் பலர், கெர்னல் விரிக்கப்படுகிறது, துவங்குகிறது என்ற வரியோடு திரை வெறுமையாக நிற்கக் கண்டார்கள். உண்மையில் கெர்னல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரைக்கும் விசைப்பலகைக்கும் உரிய தேர்வுகள் புதிய இடங்களுக்கு மாறி, விடையளிக்கப்படாமல் அணைந்துபோயிருந்தன. வட்டின் விளக்கு மினுங்குவதைப் பார்த்து, இது சாவு இல்லை, வாயடைப்பு என்று கண்டுகொண்டவர்களே விரைவில் வெளியே வந்தார்கள். உண்மையாகவே கெர்னல் நிலைகுலைந்தால் விசைப்பலகையின் கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகள் விட்டுவிட்டு எரியும் என்பதும் அப்படி அறியப்பட்ட குறிகளில் ஒன்று.

எல்லாப் பழுதுக்கும் கட்டியவரே காரணம் என்று கொள்வதும் தவறு. 2001இல் வெளிவந்த 2.4.11 பதிப்பு குறியீட்டு இணைப்புகளில் கண்ட பிழையால் 'பயன்படுத்தாதே' என்ற சொல்லைத் தன் கோப்புப் பெயரிலேயே சுமக்க நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 2.4.15, கோப்பு முறைமையைக் கழற்றும்போது அதைச் சிதைத்ததால் சில நாட்களிலேயே 2.4.16 வர வேண்டியதாயிற்று. மூலநிரலில் எந்த மாற்றம் பழுதைக் கொண்டுவந்தது என்று கண்டறிய, 2005இல் தோன்றிய கிட் என்னும் பதிப்பு மேலாண்மை நிரலின் 'பைசெக்ட்' கட்டளை உதவியது. நன்றாக ஓடிய ஒரு பதிப்பையும் ஓடாத ஒன்றையும் சுட்டினால், அது நடுவிலுள்ளதை எடுத்துக் கட்டச் சொல்லும். விடையைப் பொறுத்து மீதியைப் பாதியாக்கும். ஆயிரம் மாற்றங்களுக்கிடையில் குற்றவாளியைப் பிடிக்கப் பத்து முறை கட்டினால் போதும். இங்கும் தொடக்கப்புள்ளி, ஓடியதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு பழைய கெர்னலே.

விழும் கெர்னலின் கடைசி நிலையை முழுதாகக் கைப்பற்றும் முயற்சி இதற்கு இணையாக நடந்துவந்தது. திரையில் வந்ததைத் தாளில் எழுதிக்கொள்வது, சீரியல் கம்பியால் மற்றொரு கணினிக்கு அனுப்புவது என்பவற்றுக்கு அடுத்த படியாக, நினைவகம் முழுவதையும் வட்டிலோ பிணையத்திலோ கொட்டும் திட்டங்கள் 1999 முதல் வந்தன. அவற்றிலெல்லாம் ஓர் அடிப்படைக் குறை இருந்தது: நினைவகத்தை எழுதும் வேலையை விழுந்துகொண்டிருக்கும் கெர்னலின் இயக்கிகளே செய்ய வேண்டும். பழுதான கையே பழுதைப் பற்றி வாக்குமூலம் எழுத, அந்த எழுத்தில் வட்டிலுள்ள நல்ல தரவும் அழியும் அபாயம் இருந்தது.

பெங்களூரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் லினக்ஸ் பிரிவில் பணியாற்றிய விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா முதலியோர், அமெரிக்காவின் எரிக் பீடர்மேனோடு சேர்ந்து இதற்குக் கண்ட விடை கேடம்ப் எனப்படுகிறது. 2005 ஜூலையில் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் அவர்கள் இதைக் கட்டுரையாக முன்வைத்தார்கள், அடுத்த மாதம் வந்த 2.6.13 பதிப்பில் அது இடம்பெற்றது. பீடர்மேனின் கெக்செக் என்ற ஏற்பாடு, பயோஸின் வழியே செல்லாமல் ஒரு கெர்னலிலிருந்து மற்றொரு கெர்னலுக்கு நேரே தாவ இடமளிக்கிறது. அதைக் கொண்டு, கணினி துவங்கும்போதே நினைவகத்தில் ஒரு பகுதியை, அன்றைய வழக்கில் 16ஆவது மெகாபைட்டிலிருந்து 64 மெகாபைட்டை, ஒதுக்கி அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை உறங்க வைக்கிறார்கள். முதற் கெர்னல் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை. அது நிலைகுலைந்த கணத்தில் கட்டுப்பாடு இரண்டாவதற்குத் தாவுகிறது. மீதி நினைவகம் கலையாமல் கிடக்க, புதிதாக எழுந்த கெர்னல் அதை ஒரு கோப்பைப் போலத் திறந்து நிதானமாக வட்டில் எழுதுகிறது.

சொல்வதற்கு எளிதான இந்த ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் எழுந்த பழுதுகள் தனி வகையின. உறங்கும் கெர்னல் வழக்கமான இடத்தில் இல்லாமல் 16ஆவது மெகாபைட்டில் இருந்து ஓட வேண்டியிருந்ததால், தொடக்க ஆண்டுகளில் அதைத் தனியே அந்த முகவரிக்கென்று கட்ட வேண்டும். எங்கு வைத்தாலும் ஓடும் கெர்னல் 32-பிட் இன்டெல் கணினிகளுக்கு 2.6.20 பதிப்பில்தான் வந்தது. பயோஸ் இடையில் வராததால் வட்டுக் கட்டுப்பாட்டு அட்டைகளும் பிணைய அட்டைகளும் மீளத் தொடக்க நிலைக்கு வராமல், முந்தைய கெர்னல் விட்ட வேலையின் நடுவில் நின்றன. இயக்கிகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட வேண்டியிருந்தது. வங்கிக் கிளையில் வட்டின் மூலையில் கிடந்த 'யூனிக்ஸ்.ஓல்ட்' செய்த காவலை இப்போது நினைவகத்தின் மூலையில் மற்றொரு கெர்னல் செய்தது. அது மீட்பதோடு நில்லாமல் மரண விசாரணையையும் நடத்தியது என்பதே வேறுபாடு.

தமிழ்நாட்டில் இந்த அறிவு பாடமானது வேறொரு வழியில். சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. சி-டாக்கின் சென்னைப் பிரிவு டெபியனை அடியொற்றிய பாஸ் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 பாடத்திட்டத்தில் கணினியியல் மாணவர்க்கு வைக்கப்பட்ட ஓப்பன் சோர்ஸ் ஆய்வகப் பயிற்சிகளில், கெர்னலின் மூலநிரலைப் பெற்று அமைத்துத் தொகுத்து நிறுவுவதும் ஒன்று. இணைவுக் கல்லூரிகள் அனைத்திலும் கெர்னல் கட்டுதல் இவ்வாறு தேர்வுக்குரிய காரியமாயிற்று. ஆனால் ரெக்கார்டு நோட்டின் மரபு நோக்கம், செய்முறை, வெளியீடு, முடிவு என்று செல்வது. முடிவு என்பது வெற்றியாகவே இருக்க வேண்டும். எழாத கெர்னலைப் பற்றி எழுத அதில் பக்கம் இல்லை. கணினிக்குள் கணினியாக ஓடும் மெய்நிகர் இயந்திரங்களும் அப்போது பரவிவிட்டதால், விழுந்த கெர்னலை ஆராயாமல் இயந்திரத்தையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது எளிதாயிற்று. பழுதறியும் கலையில் ஏற்பட்ட இழப்பு என்று இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மறுபுறம், பழைய கெர்னல் என்று ஒன்று இருக்கவே முடியாத சூழலும் சென்னையில் உருவானது. வி. காமகோடி தலைமையில் ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி செயலிகளில் ஒன்று, அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்டு, 2018இல் லினக்ஸைத் துவக்கியது. அதன் கட்டளைத் தொகுதியாகிய ரிஸ்க்-5க்கான ஆதரவு அதே ஆண்டு ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில்தான் மூலக் கெர்னலில் சேர்ந்திருந்தது. புதிய சில்லும் புதிய கெர்னலும் சந்திக்கும் அவ்விடத்தில் நேற்று ஓடியது என்று திரும்பிச் செல்ல எதுவும் இல்லை.

சித்தூர், திருப்பதிப் பகுதிக்கு இவ்வரலாறு வந்துசேர்ந்தது கைப்பேசி வடிவில். சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் தடாவுக்கு அருகே அமைந்த ஸ்ரீசிட்டி தொழில் நகரில் ஃபாக்ஸ்கான் ஆலை 2015இல் ஷாவ்மியின் ரெட்மி 2 பிரைம் கைப்பேசியைக் கட்டத் தொடங்கியது. அந்நிறுவனம் இந்தியாவில் உற்பத்தி செய்த முதற் கைப்பேசி அதுவே. ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றினுள்ளும் இருப்பது லினக்ஸ் கெர்னல். பேட்டரி நீடிக்க வேண்டும், செயலியின் வேகத்தைத் தாமே ஆள வேண்டும் என்று விரும்பிய ஆர்வலர்கள், உரிமத்தின்படி வெளியிடப்பட்ட மூலநிரலைக் கொண்டு கைப்பேசிக்கும் கெர்னல் கட்டினார்கள். அங்கே பிழை காட்டத் திரையில் எழுத்து வராது. நிறுவனத்தின் சின்னம் தோன்றி மறைந்து மறுபடி தோன்றும் பூட்லூப் என்ற சுழற்சி மட்டுமே தெரியும். சாட்சியத்தைப் பெறுவதற்கு, மறுதுவக்கத்திலும் அழியாத ஒரு சிறு நினைவகப் பகுதியில் கெர்னல் தன் கடைசி வரிகளை எழுதிவைக்கும் 'ரேம்ஊப்ஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அடுத்து எழும் கெர்னல் அதைக் கோப்பாகக் காட்டும்.

2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0, வட்டுக்கு இணையான சேமிப்பகத்தில் ஏ, பி என்ற இரண்டு இடங்களை ஒதுக்கி, ஒன்றில் ஓடும்போது மற்றொன்றில் புதியதை நிறுவி, அது எழத் தவறினால் துவக்கியே பழைய இடத்துக்குத் திரும்பும் முறையைக் கொணர்ந்தது. துவக்கியின் பூட்டைத் திறந்த கைப்பேசிகளில் ஃபாஸ்ட்பூட் கட்டளையால் புதிய கெர்னலைச் சேமிப்பகத்தில் எழுதாமலே நினைவகத்தில் ஏற்றி ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்க்கவும் பல மாதிரிகளில் இயலும். அது விழுந்தால், பவர் விசையை அழுத்திப் பிடித்தவுடன் கைப்பேசி சேமிப்பகத்தில் உள்ள பழைய கெர்னலோடு எழுகிறது.